கசிவுக்கு ஞானஸ்நானம்

மழையே பெய்யாத ஊரில் வீட்டுக்குப் பின்னால் தரை ஈரமாக இருந்தால் முதலில் ஆட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். எத்தெல்வினாவும் ஆட்டைத்தான் திட்டினாள். இழுத்துக்கொண்டு போய் முன்வாசலில் கட்டினாள். மறுநாள் காலையில் ஈரம் அவள் பாவாடை அகலத்துக்கு விரிந்திருந்தது. ஆடு முன்வாசலில் நிரபராதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் உள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. அதோடு மண்ணும் வந்தது. நிமிர்ந்தால் எதிரே மண் அணை.

சான் எலியோதோரோ, கடலுக்கும் மலைக்கும் நடுவே மணலில் கிடக்கிற ஊர். பல வருஷங்களுக்கு அங்கே ஆறு என்பது வெறும் பெயர்தான். அதில் பந்தாடுவார்கள், லாரிகள் குறுக்கு வழியாகப் போகும். ஆனால் கடல் சூடாகிற வருஷங்களில், கிறிஸ்துமஸ் கழிந்ததும் மலையில் கொட்டுகிற மழை அந்தப் பந்துத் திடலைத் தேடிக்கொண்டு வந்துவிடும். போன தடவை வந்தபோது பாதி ஊரையும் மாதா கோயில் மணியையும் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகுதான் பாலைவன வெள்ளத்தடுப்பு ஆணையம் வந்து, மலை இடுக்கில் மண்ணைக் குவித்து அணை கட்டி, அதன் காலடியிலேயே மனைகளும் பிரித்துக் கொடுத்தது. 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று பலகை நட்டார்கள். அணையை ஒட்டிய கடைசி மனை எத்தெல்வினாவுக்கும் அவள் புருஷன் செராபியோவுக்கும் விழுந்தது.

இந்த வருஷம் கடல் மறுபடி சூடாகிவிட்டது. கட்டிய நாளிலிருந்து சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்த அணைக்குப் பின்னால் முதல் தடவையாகத் தண்ணீர் நின்றது. செராபியோவோ ஆட்டுக்குக் காய் உலுக்க வேலமரத்தில் ஏறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். ஆள் நல்ல கனம். அவனை அசைக்க நாலு பேர் வேண்டும். எத்தெல்வினாவோ ஒருத்தி, அதுவும் வாழைக்காய் வறுத்துப் பேருந்து நிறுத்தத்தில் விற்கிறவள்.

"போய் ஆணையத்துல சொல்லுடி," என்றான் செராபியோ.

"சொன்னா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஆனாலும் சொல்லு. எனக்கு நீச்சல் தெரியாது."

சொன்னால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் எதற்கும் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் வேண்டும். பிள்ளைக்கு மட்டுமில்லை, புதுப் பேருந்துக்கு, ரொட்டி அடுப்புக்கு, கால்பந்து அணியின் சட்டைக்குக்கூட ஞானஸ்நானம் உண்டு. ரிப்பனில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுக் குட்டிச் சுத்தியலால் உடைக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து பெற்றவரும் வாக்குக் கொடுத்தவரும் ஒருவருக்கொருவர் ஆணானால் கொம்பாத்ரே, பெண்ணானால் கொமாத்ரே. கூடப் பிறந்தவரைவிட நெருக்கம். கொம்பாத்ரேயின் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. அவரோடு சண்டை போட்டவனுக்குச் செத்த பிறகு குடிக்கத் தண்ணீர் கிடைக்காது என்பார்கள். பாலைவனத்தில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது.

இந்த வழக்கத்தின் அருமையை ஊர்க்காரர்களைவிட ஆணையம்தான் நன்றாகப் புரிந்துகொண்டது. அணைக்கு மிலாக்ரோஸ் என்று பெண்பிள்ளைப் பெயர் வைத்தார்கள். அற்புதம் என்று அர்த்தம். பெற்ற தகப்பன் ஸ்தானத்தில் ஆணையத்தின் இயக்குநர், இஞ்சினியர் பெலிசாரியோ உர்த்தியாகா. அணையின் மேல்பாதையில் விரிசல் இருக்கிறது என்று முதலில் புகார் சொன்னவன் வேன் ஓட்டுகிற நிக்கானோர். அவனை மேல்பாதைக்கு ஞானத்தகப்பன் ஆக்கினார்கள். பதித்த கல் உதிர்கிறது என்றார் பள்ளிக்கூட ஆசிரியை. அவர் கற்களுக்கு ஞானத்தாய். மதகு திறக்கவில்லை என்ற மருந்துக்கடைக்காரருக்கு மதகு பிள்ளையாயிற்று. வாயைத் திறந்தவர்கள் எல்லாம் இப்படிக் கொம்பாத்ரே ஆனார்கள், கொம்பாத்ரே ஆனதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஊரில் பாக்கி இருந்தது எத்தெல்வினா மாதிரி நாலைந்து பேர்தான்.

இயக்குநரின் அறையில் குட்டிச் சுத்தியல்கள் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. எத்தெல்வினா வறுவல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அணை ஒழுகுதுன்னா சொல்றீங்க?" உர்த்தியாகா மனம் புண்பட்டவர்போலப் பார்த்தார். "ஏம்மா இப்படியெல்லாம் பேசுறீங்க? அவளுக்கு வேர்க்குது. அவ்வளவு தண்ணியைத் தாங்கிட்டு நிக்கிறா. உழைக்கிறவங்களுக்கு வேர்க்காதா?"

"வேர்வையில மண்ணு வருமா இஞ்சினியர் ஐயா?"

"மண்ணால ஆனவளுக்கு மண்ணுதானே வரும்?"

எத்தெல்வினா கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். "யாராவது வந்து ஒரு தடவை பாருங்க. பழுது பாக்குற பிரிவுன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

"இருக்கு. விழாப் பிரிவுக்குக் கீழதான் வருது." அவர் மணியை அடித்தார். "அவங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன். உங்களுக்கு எந்த நிறத்துல ரிப்பன் பிடிக்கும்?"

அந்த வாரமே விழாப் பிரிவு வந்து இறங்கியது. எத்தெல்வினா வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டார்கள். பேண்டு வாத்தியம் வந்தது. ஈரத்தைச் சுற்றி வெள்ளைக் கல் அடுக்கி, நடுவே ஒரு குழாயைச் சொருகினார்கள். கலங்கல் தண்ணீர் குழாய் வழியாக அழகாகக் கொப்பளித்தது. எத்தெல்வினாவின் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொன்னால் பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன பாவம். அவள் பாட்டிலை உடைத்தாள். இயக்குநர் ஒரு கிண்ணத்திலிருந்து சுத்தமான தண்ணீரை எடுத்து அந்தக் கலங்கல் தண்ணீரின் தலையில் ஊற்றினார்.

"பெருமக்களே!" என்று ஒலிபெருக்கியில் தொடங்கினார் உர்த்தியாகா. "மற்ற அணைகள் தண்ணீரைத் தமக்கே வைத்துக்கொள்ளும் சுயநல அணைகள். நம் மிலாக்ரோஸ் மட்டுமே மக்களோடு பகிர்ந்துகொள்கிறாள். சிலர் கேட்கிறார்கள், அணைக்கு ஆபத்து இல்லையா என்று. பொறுப்போடு சொல்கிறேன்: ஆணையம் பிறந்த நாளிலிருந்து எங்கள் அணைகள் எதிலும் ஒரு பழுதுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடிக்கும் பதவிக்கு நாங்கள் யாரையும் நியமித்ததே இல்லை! இந்த ஊற்றைக் கண்டெடுத்த நம் கொமாத்ரே எத்தெல்வினா இன்றுமுதல் மிலாக்ரோஸின் தலைமை ஞானத்தாய். பிள்ளைக்கு ஒன்று என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவோம்? தாயையா? தகப்பனையா? ஞானத்தாயைத்தான்!"

கூட்டம் கைதட்டியது. ஜன்னல் வழியாகச் செராபியோவின் குரல் கேட்டது: "கொம்பாத்ரே, உங்க பொண்ணு என் கட்டிலுக்கடியில ஒண்ணுக்குப் போறா. துணி மாத்தச் சொல்லுங்க!"

பேண்டு வாத்தியத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஊற்று வளர்ந்தது, ஆணையமும் அதற்கேற்ப வளர்ந்தது. ஒரு குழாய் போதாமல் தண்ணீர் பக்கத்தில் உடைத்துக்கொண்டு வந்ததும் அங்கே இன்னும் குழாய்களைச் சொருகி, 'பொதுச் சலவைத்துறை' என்று பெயரிட்டுத் திறந்துவைத்தார்கள். அது ஓடையானதும் மேலே மரப்பாலம் போட்டு அதையும் திறந்துவைத்தார்கள். பாலத்துக்கு ஞானத்தகப்பனாகக் கிடைத்தவர் வெளியூர்க்காரர். அடுத்த பேருந்துக்காகக் காத்திருந்தவரைப் பிடித்து வந்தார்கள். தண்ணீரின் நிறம் மட்டும் நாளுக்கு நாள் கருத்துக்கொண்டே போயிற்று. துவைத்த துணி துவைக்காததைவிட அழுக்காக வந்தது. பெண்கள் அதைச் சத்தம் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், மொண்டு வைத்த நல்ல தண்ணீரில் மறுபடி அலசினார்கள். கொம்பாத்ரேயின் பிள்ளை ஆயிற்றே.

எத்தெல்வினா தூங்குவதை விட்டாள். தரைக்கு அடியில் யாரோ சோளம் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சமையலறைச் சுவரில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. அவள் நிக்கானோரிடம் போனாள்.

"தம்பி, நாலு பேரைக் கூட்டிட்டு வாப்பா. கதவைக் கழட்டிச் செராபியோவை அதுல கிடத்தித் தூக்கி மலைமேல சேத்துட்டாப் போதும். கல்லறைச் சாவடியில படுத்துக்கிடட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

நிக்கானோர் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கொமாத்ரே, நீங்களே இப்படிக் கேக்கலாமா? பிள்ளை சீக்காக் கிடக்கும்போது தலைமை ஞானத்தாய் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனா ஊரு என்ன பேசும்? பெத்தவர் முகத்துல காறித் துப்புன மாதிரி ஆகாதா?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"எம்புள்ளைங்கள ராவானா வேன்லதான் படுக்க வெக்கிறேன். சாவியை வண்டியிலயே வெச்சிருக்கேன்." அவன் குரல் இறங்கியது. "ஆனா கிளம்ப முடியாது. மொதல்ல யாராவது கிளம்பணும். அந்த மொத ஆளா நான் இருக்க முடியாது."

அவள் வீடுவீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. எல்லா வீட்டிலும் மூட்டையின் மேல் ஒரு துணியைப் போட்டு மறைத்திருந்தார்கள். மரியாதை உயிரைவிடப் பெரிது என்று யாரும் நினைக்கவில்லை. மரியாதை கெடாமல் வெளியே போக ஒரு வாசல் தெரியாமல் தவித்தார்கள், அவ்வளவுதான்.

மலையில் மழை நிற்கவே இல்லை. ஒருநாள் மதியம் அணையின் முகத்திலிருந்து ஒரு பெரிய மண்சரிவு சத்தமில்லாமல் நழுவி வந்து சலவைத்துறையை மூடியது. எத்தெல்வினா கையில் இருந்த கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். தூரத்து மேட்டிலிருந்து ஒலிபெருக்கி பேசியது. ஆணையம் தன் அலுவலகத்தைப் போன வாரமே அந்த மேட்டுக்கு மாற்றியிருந்தது; அங்கிருந்து பார்த்தால் அணை முழுசாகத் தெரிகிறதாம்.

"பதற்றம் வேண்டாம்! மிலாக்ரோஸ் சற்றே உடை மாற்றுகிறாள்! அனைவரும் அவரவர் வீட்டிலேயே இருந்து அவளுக்கு உற்சாகம் தரவும்!"

எத்தெல்வினா வீட்டுக்குள் வந்தாள். தண்ணீர் கட்டில் காலைத் தொட்டுவிட்டது. செராபியோ கிண்டல் எதுவும் சொல்லாமல் அவளையே பார்த்தான். அவன் கிண்டல் பண்ணாததுதான் அவளை உலுக்கியது.

"நீ போடி," என்றான். "ஆட்டைப் புடிச்சிட்டுப் போ. அதுவாச்சும் நடக்கும்."

"வாயை மூடு."

அவள் பெட்டியைத் திறந்து கறுப்பு முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வறுவல் சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, சட்டியைத் தட்டித் தட்டி, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தாள்.

"ஐயோ, போயிட்டாளே! மிலாக்ரோஸ் போயிட்டாளே! என் கண்ணு போயிட்டாளே!"

கதவுகள் திறந்தன. நிக்கானோர் ஓடி வந்தான். "என்ன கொமாத்ரே? யாரு போனது? அதோ நிக்கிறாளே!"

"நின்னுக்கிட்டே போயிட்டா. தலைமை ஞானத்தாய் சொல்றேன், எனக்குத் தெரியாதா? மலைமேல கல்லறைச் சாவடியிலதான் துக்கம். இப்பவே. காப்பி போடணும், ஆளுக்கொரு நாற்காலி எடுத்துக்குங்க. வராதவங்க யாரு யாருன்னு நான் பாப்பேன்!"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், காரணம் சொல்லிக்கொள்ளலாம். துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. அதுவும் ஞானப்பிள்ளையின் துக்கம். ஒரு கணம் தெருவே அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு பள்ளிக்கூட ஆசிரியை, கற்களின் ஞானத்தாய், "ஐயோ என் தங்கமே!" என்று ஓலமிட்டுக்கொண்டு தயாராக வைத்திருந்த மூட்டையோடு வெளியே வந்தார். அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது. மூட்டை, நாற்காலி, கோழி, மெழுகுவர்த்தி, துக்கவீட்டுச் சீட்டுக்கட்டு, கரும்புச் சாராயம் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, சத்தமாக அழுதுகொண்டு, நடக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாக மலை ஏறினார்கள். நிக்கானோர் முன்னே நிற்க, நாலு பேர் கதவைக் கழற்றிச் செராபியோவை அதில் கிடத்தித் தூக்கினார்கள்.

"மெதுவாடா! பொணத்தைத் தூக்குற மாதிரி தூக்குறீங்களே," என்று கத்தினான் செராபியோ. "செத்தது அவளா, நானா?"

எத்தெல்வினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆட்டை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை.

பாதி மலையில் ஆணையத்தின் ஜீப் வந்து குறுக்கே நின்றது. உர்த்தியாகா ஒலிபெருக்கியோடு குதித்தார்.

"நில்லுங்க! இது சட்டவிரோதமான துக்கம்! ஆணையத்தின் சான்று இல்லாமல் எந்த அணையும் இறக்க முடியாது!"

யாரும் வாதாடவில்லை. கொம்பாத்ரேயோடு வாதாடக் கூடாதே. ஆசிரியை தன் கறுப்பு ரிப்பனை அவிழ்த்து அவர் கையில் கட்டினார். மருந்துக்கடைக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்குங்க கொம்பாத்ரே. பெத்த வயிறு பத்தத்தான் செய்யும்," என்று முதுகில் தட்டினார். ஆளாளுக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டே அவரை மேலே நகர்த்தினார்கள். ஒருத்தி கையில் காப்பியைக் கொடுத்தாள். இப்படியாக இயக்குநரும் தன் மகளின் துக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

சாவடி வாசலில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. கீழே அணை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. நிற்கிற அணையைப் பார்க்கப் பார்க்க அழுகை வற்றியது. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவசரப்பட்டுட்டோமோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்தேவிட்டார். இவர்கள் இறங்கினால் செராபியோவையும் சேர்த்துத்தான் இறக்குவார்கள்.

"இரங்கல் உரை!" என்று கத்தினாள். "பெத்தவர் ரெண்டு வார்த்தை பேசாம யாரும் எழுந்திருக்கக் கூடாது!"

எழுந்தவர் உட்கார்ந்தார். உர்த்தியாகா முதலில் தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் கூட்டம் இருந்தது, அது தன்னையே பார்த்தது, கையில் ஒலிபெருக்கியும் இருந்தது. வாழ்நாளில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் அவர் பேசாமல் இருந்ததில்லை.

"பெருமக்களே... மிலாக்ரோஸ் இறக்கவில்லை. எனினும், இறந்திருந்தால் நான் என்ன சொல்வேன்?" தொண்டையைச் செருமினார். பேசப் பேச அவருக்கே நெஞ்சு இளகியது. "எவ்வளவு நல்ல பெண்! ஒன்றும் கேட்டதில்லை. இரும்பு கேட்டதில்லை, சிமெண்ட் கேட்டதில்லை. மண் அணைக்கு நடுவில் இருதயம்போலக் களிமண் சுவர் வைக்க வேண்டும் என்பது புத்தக விதி. தண்ணீரை நிறுத்துவதே அதுதான். அதற்கென்று முதல்தரக் களிமண் மலைமலையாக வந்து இறங்கியது. ஆனால் திறப்பு விழாவுக்கோ நாள் குறித்தாகிவிட்டது, அமைச்சர் நிற்க மேடை இல்லை! அப்போது அந்தக் களிமண்ணில்தான் மேடை கட்டினோம். தன் இருதயத்தையே எங்களுக்கு மேடையாகக் கொடுத்தாளே, அந்தத் தியாகத்தை என்னென்பது! இன்றும் அந்த மேடை ஒரு சொட்டுக்கூடக் கசியாமல்..."

யாரும் அழவில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். ஆணையம் அணை போடுமுன் மேடை போட்டிருக்கிறது. நிக்கானோர் காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மெல்ல எழுந்தான். அவன் என்ன செய்வதாக இருந்தான் என்பது தெரியாமலே போயிற்று, ஏனென்றால் அப்போது ஆடு கத்தியது, எல்லோரும் திரும்பினார்கள்.

மேல்பாதை நடுவில் தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் ஒரு நூல்போலத் தண்ணீர் வழிந்தது. அந்த நூல் விரிந்து, அணையின் நடுப்பகுதி முழுசும் ஈர ரொட்டி பிட்டுக்கொள்வதுபோல முன்னால் சாய்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. எத்தெல்வினா வீடு முதலில் போயிற்று. கூரை கொஞ்ச தூரம் மிதந்தது. பிறகு நிக்கானோர் வீடு, ஆசிரியை வீடு, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்ற பலகை. அங்கே குடியிருந்தவர்கள் எல்லோரும் மலைமேல் இருந்தார்கள். எத்தெல்வினா கதவின் மேல் கிடந்த புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்து சேறு காய்ந்தபோது அந்தக் களிமண் மேடை மட்டும் அப்படியே நின்றது. ஊர் மலைமேல் கூடாரத்தில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வந்த அன்றே உர்த்தியாகாவும் வந்து மேடை ஏறினார்.

"விபத்து நடந்தபோது மிலாக்ரோஸ் முறைப்படி ஏற்கனவே இறந்துவிட்டிருந்தாள். ஊரே துக்கம் கொண்டாடியிருக்கிறது. ஆகவே ஆணையத்தின் உயிருள்ள அணை எதுவும் உடையவில்லை என்பது நிரூபணமாகிறது. அதே இடத்தில் புதிய அணை! அதே இடத்தில் அதே மனைகள்! தலைமை ஞானத்தாய், நம் அருமைக் கொமாத்ரே எத்தெல்வினா!"

பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் எத்தெல்வினா பக்கம் திரும்பின. அவள் முன்னால் வந்தாள்.

"சரிங்க கொம்பாத்ரே. பிள்ளையை ஏத்துக்கிறேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? கைப்பிள்ளை பக்கத்துல பெத்தவங்கதானே படுக்கணும்? கடைசி மனை, எங்க மனை, அது உங்களுக்கு. மழைக்காலம் முடியிற வரைக்கும் நீங்களும் உங்க வீட்டம்மாவும் பிள்ளைங்களும் அங்க இருங்க. வீட்டை நாங்களே கட்டித் தரோம். எல்லாரும் கை கொடுப்பாங்க."

"நான் கூரை போடறேன்!" என்றான் நிக்கானோர். "நான் கட்டில் தரேன். கால் கொஞ்சம் ஈரமா இருக்கும்," என்றான் செராபியோ. கேமராக்கள் இயக்குநர் பக்கம் திரும்பின. அவர் புன்னகை செய்தார். அந்த இடத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது. மனப்பூர்வமாகச் சம்மதம் என்றார்.

ஆணையத்தின் நிபுணர் குழு அந்த இடத்தைப் பார்க்க முதல் தடவையாக வந்தது அதற்குப் பிறகுதான். நாள் முழுக்க அளந்தார்கள், தோண்டினார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள். மறுபடி பந்தல், மறுபடி பேண்டு வாத்தியம். உர்த்தியாகா மேடையில் ஏறி நின்றார். இந்தத் தடவை அவர் முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது.

"பெருமக்களே! விஞ்ஞானம் பேசும்போது நாம் தலைவணங்க வேண்டும். அணையின் காலடியில் உள்ள அந்தப் பகுதி, எந்த அணை கட்டினாலும் சரி, மனிதர் எவரும் குடியிருக்கத் தகுதியற்றது என்று நிபுணர் குழு ஏகமனதாக முடிவு செய்துள்ளது. மனித உயிர் விலைமதிப்பற்றது. அங்கே ஒரு மனிதன்கூட ஒரு நாள்கூடத் தங்குவதை ஆணையம் அனுமதிக்காது!"

எத்தெல்வினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"இஞ்சினியர் ஐயா," என்றாள். "அப்போ இத்தனை வருஷமா அங்க இருந்தது யாரு?"

உர்த்தியாகா வாயைத் திறந்தார், திரும்பி விழாப் பிரிவைப் பார்த்தார். பேண்டு வாத்தியம் பலமாக வாசிக்கத் தொடங்கியது. எத்தெல்வினா நகரவில்லை. வாசித்து முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்ததும் மறுபடி கேட்டாள்.